எதிர்ப்பக்கத்தால் போகவும்

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் இருக்கும் புஷ்பவதி அக்காவுக்குக் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. அவவுக்குக் கால்தான். அந்தக் காலையும் இந்த நகரம் விட்டுவைக்கவில்லை.

அவவின் மனுசன் தியாகலிங்கம் அண்ணை பாரிசவாதத்தில் விழுந்து முதியோர் இல்லத்தில் கிடக்கிறார். அங்கே கொடுக்கும் கூழைத் துப்பிவிடுவார். அக்கா சோற்றையும் பருப்பையும் கையால் குழைத்துக்கொண்டு போனால்தான் வாய் திறப்பார். அந்தப் பக்கம் பஸ் இல்லை. அதனால் ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டுப் பெட்டியோடு நடப்பா.

நடப்பதென்றால் லேசா? மாரியில் தெருவை வழிக்கிறவன் பனியை நடைபாதையில்தான் கொட்டுவான். கரைந்தால் கார்க்காரர் சேற்றை வாரி அடிப்பார்கள். சந்தியில் அரைவாசி கடக்குமுன் விளக்கில் நிற்கச் சொல்லும் சிவப்புக் கை எரியும். கோடையில் தெருவேலைக்கு வைக்கும் செம்மஞ்சள் கோன்கள் வந்தன. நடைபாதையைக் கிண்டிப்போட்டு, "மூடப்பட்டுள்ளது, எதிர்ப்பக்கத்தால் போகவும்" என்று பிரெஞ்சில் ஒரு பலகை. எதிர்ப்பக்கம் போனால் அங்கேயும் அதே பலகை! விசரர்கள்.

"நகரசபைக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லுங்கோவன் அக்கா."

"சொன்னனான் சாம்பவி. கெதியிலை முடியுமாம். அதுமட்டும் நான் பறந்தே போறது?"

போன மாதம் கோன்களுக்கு நடுவால் தெருவில் இறங்கியவவைக் கார் அடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. வந்த பொலிஸ்காரன் முதலில் கேட்டது, "ஏன் நடைபாதையில் நடக்கவில்லை?" கேட்டானே ஒரு கேள்வி!

ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்தா.

"பாக்காமல் இறங்கேல்லையடி. பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்த மாதிரி முதல் வலப்பக்கம் பாத்தனான். ஒண்டும் வரேல்லை. காலை வைச்சன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரில் வாகனம் முதலில் வலமிருந்து வரும். இங்கே இடமிருந்து வரும். இத்தனை வருடமும் விளக்கைப் பார்த்துக் கடந்த மனுசி அவ. விளக்கில்லாத நடுத்தெருவில் கொண்டுபோய்த் தள்ளினார்கள், கழுத்து தன்பாட்டில் பழைய பக்கம் திரும்பிவிட்டது.

"அதை விடு. அவருக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?" என்றா. ஒருவரும் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் நானே குழைத்துக்கொண்டு போனேன். அதே கோன், அதே பலகை.

"அண்ணை, ஆ எண்டு வாயைத் திறவுங்கோ."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். "அக்கா பேந்து வருவா," என்று பொய் சொன்னேன். பல்லை இறுக்கிக்கொண்டார். நாலைந்து நாள் கெஞ்சிப் பார்த்தேன். பிறகு மூக்கால் சாப்பாட்டுக் குழாய் விட்டுவிட்டார்கள்.

அக்கா இன்னும் கட்டிலில்தான். இனி அவ்வளவு தூரம் நடப்பது சந்தேகம் என்று டொக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். நான் போகும்போதெல்லாம், "சாப்பிட்டவரோ?" என்று கேட்பா.

"ஓம் அக்கா, வடிவாச் சாப்பிட்டவர்."

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குழை," என்கிறா.