பின் சீட்டுக்காரி

ஊரார் எச்சிலில் கை வைத்துப் பிழைக்கிறவள் அவள். பல் செட் செய்கிற லேபில் வேலை. பல் டாக்டர்கள் ஆட்களின் வாயில் அமுக்கி எடுத்த அச்சுகள் டப்பா டப்பாவாக வந்து இறங்கும். ரோஸ் நிறப் பசையில் பல்வரிசை பதிந்திருக்கும்; ஓரத்தில் எச்சில் காய்ந்திருக்கும், சிலதில் ரத்தம், சிலதில் யாரோ காலையில் தின்றதன் மிச்சம். அதையெல்லாம் குழாயில் கழுவி, மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்து, வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றிப் பல்லின் உருவத்தைப் பிரித்தெடுப்பது அவள் பாடு. புதிதாகச் சேர்கிற பெண்கள் முதல் நாளே வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். இவளோ மத்தியானம் அதே மேசையின் இன்னொரு கோடியில் டிபன் பாக்ஸைத் திறந்து ரசித்துச் சாப்பிடுவாள்.

"உங்களுக்குக் குமட்டவே குமட்டாதாக்கா?" என்று யாராவது கேட்டால், "எச்சில்தானே, கழுவினா போயிடும்" என்பாள்.

கழுவினாலும் போகாத ஒன்று அவளுக்குத் தினமும் காலையில் வாய்த்தது. அதைப் பற்றி அவள் லேபில் மூச்சு விட்டதில்லை.

அவள் கணவனின் அக்கா குடும்பம் அதே வீட்டில் மாடியில் இருந்தது. அந்த அக்கா புருஷன்தான் வீட்டு மாப்பிள்ளை. மாமியார் வாயில் எந்நேரமும் "நம்ம மாப்பிள்ளை, நம்ம மாப்பிள்ளை." தங்கமான மனுஷராம். மச்சினனுக்குக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவராம். குழாய் ரிப்பேரென்றால் அவர், கரண்ட் போனால் அவர். அந்த வீட்டில் அவர் தும்மினால்கூட நாலு பேர் எழுந்து நிற்பார்கள். முறைப்படி அவளுக்கு அவர் அண்ணன்; "அண்ணா" என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சோப்புத் தண்ணீரை வாயில் விட்டுக்கொண்ட மாதிரி இருக்கும் அவளுக்கு.

கணவனைக் கிடங்கு வேன் விடியும்போதே வந்து எதிர்த் திசையில் அள்ளிக்கொண்டு போய்விடும். மாப்பிள்ளையின் ஆபீஸ் லேபைத் தாண்டி. "நம்ம மாப்பிள்ளை போற வழிதானே, பின்னாடி உக்காந்து போயேன்" என்று மாமியார் ஒரு நாள் சொல்ல, அன்றிலிருந்து அவள் அவர் பைக்கின் பின் சீட்டுக்காரி ஆனாள்.

முதல் வாரம் அவள் பக்கவாட்டில் உட்கார்ந்து போனாள். "அப்படி உக்காரக் கூடாதும்மா, ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரு, அதான் சேஃப்டி" என்று அவர் எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னார். என்ன அக்கறை என்று வீடே பூரித்தது. அப்புறம் ஆரம்பித்தது பிரேக். ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று குத்திட்டு நிற்கும். பின்னால் இருக்கிறவள் முன்னால் போய் அவர் முதுகில் மோதுவாள். "நாய் குறுக்க வந்துடுச்சு" என்பார். திரும்பிப் பார்ப்பாள், நாயும் இருக்காது, நாயின் வாலும் இருக்காது. ஒரு நாள் நாய், ஒரு நாள் குழி, ஒரு நாள் "யாரோ குழந்தை." சாப்பாட்டுப் பையை நடுவில் வைத்துப் பார்த்தாள். "பை நசுங்கிடும், குடும்மா" என்று வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார். பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உடம்பை விறைத்து உட்கார்ந்தாள். அதற்கும் அவரிடம் பிரேக் இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்திருப்பார். அதில் ரோடு தெரியாது, அவள் முகம் தெரியும். மோதி நிமிர்ந்ததும் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதற்கு. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்குத் தோன்றும். இறங்கினதும் "வரேன்ண்ணா" என்று வேறு சொல்லித் தொலைக்க வேண்டும்.

பஸ்ஸில் போகிறேன் என்று கொஞ்ச நாள் போனாள். இரண்டு பஸ் மாறி, பாதி நாள் லேட். அதுகூடப் பரவாயில்லை. "மாப்பிள்ளை மனசு கஷ்டப்படறார், நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்கறார்" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். என்ன தப்பு பண்ணினாராம்! அவள் திரும்பவும் பின் சீட்டில் ஏறினாள்.

கணவனிடம் சொல்லாமல் இல்லை. ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே, "உங்க மாமா ரொம்ப பிரேக் போடறாருங்க. எனக்கு அது பிடிக்கலை" என்றாள். அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். "டிராஃபிக்ல பிரேக் போடாம என்ன பண்ணுவார்?" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அதற்கு மேல் உடைத்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மாடியில் அண்ணி இருக்கிறாள், அவள் குடும்பம் இருக்கிறது. வாயைத் திறந்தால் இரண்டு வீடும் பற்றிக்கொள்ளும், கடைசியில் கரி பூசப்படுவது யார் முகத்தில் என்றும் அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் சொந்தமாக ஒரு பைக் என்ற எண்ணம் வந்தது. கிளினிக் கிளினிக்காகப் போய் அச்சு வாங்கி வருகிற டெலிவரிக்காரி ஒருத்தி லேபில் இருந்தாள். தேய்ந்துபோன ஒரு சின்ன பைக்கை நாள் முழுக்க ஓட்டுகிறவள். லேபுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். நம் ஆள் இரண்டு தடவை விழுந்தாள், ஒரு தடவை சுவரில் முட்டினாள். பிறகு கிளட்சும் கியரும் கைக்கும் காலுக்கும் பழகிவிட்டன. பழகுநர் லைசென்ஸும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

என்ன வண்டி வாங்கலாம் என்று லேபில் பேச்செடுத்ததும் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பாலிஷ் போடுகிறவர் மைலேஜ் என்றார், முதலாளி ரீசேல் என்றார், கணக்குப் பார்க்கிறவள் ஸ்கூட்டர் என்றாள்.

"ஸ்கூட்டரா? நம்ம ரோட்டுக் குழியில அந்தச் சின்னச் சக்கரம் இறங்கினா கிரேன் வச்சுத்தான் தூக்கணும்" என்றாள் டெலிவரிக்காரி. "நீ ஆள் அரைப்படி. உக்காந்தா கால் ரெண்டும் தரையில முழுசா படணும். கீழ சாஞ்சா நீயே தூக்கி நிறுத்தணும். கிளட்ச் விரலுக்கு எட்டணும். இருக்கறதுலயே சின்னதா, விலை குறைச்சலா ஒண்ணு வாங்கு. புதுசா ஓட்டறவளுக்குக் கீறல் விழாம இருக்காது, விழுந்தா வயிறு எரியக் கூடாது பாரு."

வீட்டில் விஷயத்தை அவிழ்த்தபோது மாமியார் கேட்டதும் அதையே, கணவன் கேட்டதும் அதையே: "எதுக்கு? அதான் மாப்பிள்ளை கொண்டுபோய் விடறாரே?"

"எத்தனை நாளைக்கு அண்ணாவைத் தொந்தரவு பண்றது?" என்றாள் அவள். அந்த வீட்டில் விலை போகிற பேச்சு அது ஒன்றுதான்.

ஆனால் மாப்பிள்ளை லேசுப்பட்டவர் இல்லை. "வாங்கட்டுமே, நல்ல விஷயம்தானே. நானே வந்து பார்த்து எடுத்துத் தரேன். வண்டியைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?" என்று பெருந்தன்மையாகக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்கு அவள் தன் சம்பளத்தில் சேர்த்த பணத்தோடு போனாள். கூடவே கணவன், மாப்பிள்ளை, "சும்மா வா" என்று இழுத்து வரப்பட்ட அண்ணி.

ஷோரூம் முழுக்கப் புது ரப்பர் வாசனை. டை கட்டிய விற்பனையாளன் ஒருவன் இரண்டு ஆண்களையும் பார்த்துக் கும்பிடாத குறையாக வரவேற்றான். இன்ஜின், டயர், தவணை எல்லாம் அவர்களிடம். "மேடத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று மட்டும் அவள் பக்கம் ஒரு கேள்வியைப் போட்டான். பணம் கொண்டுவந்தவளுக்குக் கலர் போதுமாம்.

அவள் தேடியது ஒரு மூலையில், விளக்கு வெளிச்சம் சரியாக விழாத இடத்தில் நின்றிருந்தது. கறுப்பு நிறம், ஸ்டிக்கர் கிடையாது, பளபளப்பு கிடையாது. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அப்பியது. சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள், சொன்னபடி கேட்டது.

"அது இருக்கறதுலயே கடைசி மாடல் மேடம். புதுசா கத்துக்கறவங்க, டெலிவரிக்குப் போறவங்க எடுக்கறது" என்றான் விற்பனையாளன், வீட்டில் ஒளித்து வைத்த சொந்தக்காரனைக் காட்ட நேர்ந்தவன் மாதிரி.

"பொம்மை வண்டி!" என்று சிரித்தார் மாப்பிள்ளை. ஹால் நடுவில் நின்ற சிவப்பு நிறப் பெரிய பைக்கைத் தட்டினார். "இதுதான் வண்டி. சீட்டைப் பாரு, எவ்வளவு நீளம். பின்னாடி நான் உக்காந்துதானே சொல்லிக் கொடுக்கணும்? முதல் ரெண்டு மாசம் தனியா விடறதா இல்லை. கை மேல கை வச்சுச் சொல்லிக் கொடுத்தாதான் கிளட்ச் பிடிபடும்."

இதுவரை முதுகுதான், இனிமேல் அந்த ஆள் பின்னால் உட்கார்ந்து கழுத்தில் மூச்சு விடப் போகிறார், அதுவும் அவள் காசில் வாங்கின வண்டியில்.

"எனக்கு ஓட்டத் தெரியும்ணா" என்றாள்.

"சைக்கிளா?" என்றார் அவர். கணவன் சிரித்தான். விற்பனையாளனும் சிரித்து வைத்தான்.

"ஒரு ரவுண்டு பார்த்துடுவோம், ஏறுடா" என்று மச்சினனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை சிவப்பு வண்டியில் வெளியே போனார். பெண்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இறங்கிய கணவனுக்கு முகமெல்லாம் பல். "மாமா ஓட்டினா ஓட்டினதுதான்! கையில தண்ணி டம்ளர் வச்சிருந்தாலும் சிந்தாது. நடுவுல ஒரு நாய் சடார்னு குறுக்க ஓடிச்சு. வேற யாராவது இருந்தா அடிச்சுப் புடிச்சு பிரேக் போட்டிருப்பாங்க. மாமா அப்படியே நைசா ஒதுக்கி எடுத்துட்டார். நான் அசையக்கூட இல்லை."

மாப்பிள்ளை அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவள் எழுந்தாள்.

"நிஜ நாய்க்கே போடலையா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"பிரேக். என்னை ஏத்திட்டுப் போறப்ப இல்லாத நாய்க்கெல்லாம் போடறாரே. வீட்டுல இருந்து லேபுக்குப் போறதுக்குள்ள எத்தனை தடவை அவர் முதுகுல போய் மோதறேன்னு தெரியுமா உங்களுக்கு? நடுவுல பை வச்சா அதையும் பிடுங்கிக்கறார். இப்ப கை மேல கை வச்சுச் சொல்லிக் கொடுக்கப் போறாராம்."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பக்கத்து மேசையில் தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். விற்பனையாளன் ஒரு டயரைக் குனிந்து ஆராய ஆரம்பித்தான்.

மாப்பிள்ளையின் சிரிப்பு மட்டும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னம்மா இது, அசிங்கமா பேசிக்கிட்டு. லேடீஸை ஏத்திட்டுப் போறப்ப கூடுதல் ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா? அதான் அப்பப்ப…"

"நானும் லேடீஸ்தான்" என்றாள் அண்ணி. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "என்னை ஏத்திட்டுப் போறப்ப நீங்க போடறதில்லையே."

அவர் வண்டிச் சாவியை மேசையில் வைத்தார், பிறகு எடுத்தார், பிறகு வைத்தார். போன் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் கணவனைப் பார்த்தாள். இனி அவன் வாயிலிருந்து வருவதைப் பொறுத்துத்தான் எல்லாம். நீ என்ன சொல்றே, எப்போதிலிருந்து, ஏன் என்கிட்ட சொல்லலை என்று அவன் கேட்கலாம். அதிரலாம், கத்தலாம், நம்பாமல்கூடப் போகலாம். எதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி விடு. இதையெல்லாம் இங்க வச்சா பேசறது? நாலு பேர் பார்க்கறாங்க" என்றான்.

ஒரு கேள்வி இல்லை. ஆச்சரியம் இல்லை. சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வெளியே போன அன்றைக்கே அவனுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டுதான் மறுநாள் காலையிலும், அதற்கு மறுநாளும், அவளை அந்தப் பின் சீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு வேன் ஏறியிருக்கிறான். இத்தனை நாளும் பைக்கில் வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது அவளுக்கு. மாடி ஆளையாவது இறங்கினதும் மறக்கப் பார்க்கலாம். இவனோடு ஒரே தட்டைக் கழுவி ஒரே விளக்கை அணைத்து வாழ்ந்திருக்கிறாள்.

அவள் மூலைக்குப் போய்க் கறுப்பு வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தாள்.

"இதைப் போடுங்க" என்றாள் விற்பனையாளனிடம். "பின்னாடி சீட்டு வேண்டாம். வேற ஏதாவது வச்சுத் தர முடியுமா?"

"கேரியர் போட்டுத் தரலாம் மேடம். டெலிவரிக்காரங்க அப்படித்தான் எடுப்பாங்க. பெட்டி வச்சுக்கலாம்" என்றான் அவன். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அதையே போடுங்க."

அண்ணி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கணவனும் இரண்டடி முன்னால் வந்தான். அத்தனை நடந்ததில் அவனுக்கு இப்போதுதான் ஒரு கேள்வி வாய்த்தது.

"சீட்டை எடுத்துட்டா அப்புறம் நான் எங்க உக்கார்றது?"

அவள் பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீங்க உக்கார வேண்டாம்" என்றாள்.