கடாவும் குட்டையனும் ஒரு கமேலியா இதழும்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். பேனையை எடுப்பேன், பிள்ளையார் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் அதிகம் படித்தவளில்லை, கண்டதைச் சொல்ல மட்டுமே தெரியும். சென்ற தையில் அம்மாவும் போனபின், அன்று நடந்ததை அறிந்தவள் இனி நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன்.

ஈரக் கம்பளத்தின் மணமும் ஹீட்டரில் தூசு கருகும் மணமும் சேர்ந்து வந்தால், தொண்ணூறுகளில் நாங்கள் நாட்டைவிட்டு வந்து ஒனிஹங்காவில் வாடகைக்கு இருந்த வீடும், அதன் சனிக்கிழமைப் பின்னேரங்களும் எனக்கு நினைவுக்கு வந்துவிடும். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவரோடு படித்த ஒருவர் அமெரிக்காவிலிருந்து அந்த நாட்டுக் கால்பந்தாட்டத்தைப் பதிந்து வீடியோக் கசெட் அனுப்புவார். அமெரிக்கக் கசெட் எங்கள் "டெக்"கில் நிறமில்லாமல்தான் ஓடும். படம் மேலே மேலே உருளும்போது அப்பா எழுந்துபோய் டிவியின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்.

இந்த நாடு முழுக்க றக்பி பார்க்க, எங்கள் வீட்டில் மட்டும் இந்த ஆட்டம். அதிலும் "ரன்னிங் பேக்" என்கிற ஆள், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிராளிகளுக்குள்ளால் ஓடுகிறவர், அவர்தான் முக்கியம். அத்தனை காலத்திலும் ஓடியவர்களில் ஆர் பெரியவன் என்பதுதான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஓயாத வழக்கு. மாமாவின் ஆள் கட்டையானவர், பிடிக்க வருகிறவர்களை விலத்தி விலத்தி ஓடுவார். அப்பாவின் ஆள் பழைய காலத்தவர், குறுக்கே வந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நேரே போவார். எங்கள் வீட்டில் அவர்களுக்கு "குட்டையன்", "கடா" என்று பெயர்.

"அத்தான், உவன்ரை இடுப்பைப் பாருங்கோ. மூண்டு பேர் காத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

"அது பயந்த ஓட்டம் மச்சான். கடாவைப் பார், வாறவனை இடிச்சுப்போட்டுப் போறான்."

"முழங்கால் தேஞ்சாப் பிறகு அவன் எங்க போறது?"

குசினிக்குள்ளிருந்து அம்மா சொல்லுவா, "ரெண்டு பேரும் ஒருக்கா டெயரிக் கடைக்கு ஓடிப்போய்ப் பாண் வாங்கியாங்கோ. ஆர் பெரிய ஓட்டக்காரன் எண்டு நான் சொல்லுறன்."

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த வழக்கு ஒரு குளிர்காலத்துச் சனிக்கிழமை கெட்டுப்போனது. சண்டை நடந்த ஊரில் நின்றுவிட்ட மாமாவின் தமையன், பெரிய மாமாவிடமிருந்து, ஏழு மாதமாகக் கடிதமில்லை. எல்லாருக்கும் மனம் கனத்திருந்த நேரம். வாதத்தில் தோற்கப்போன அப்பா, யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "விலத்தி ஓடுறவனைத்தானே உனக்குப் பிடிக்கும். தமையனை அங்க விட்டிட்டு நீயும் அப்பிடித்தானே வந்தனீ."

மாமா கசெட்டை எடுத்து உறைக்குள் போட்டார். மூன்று கிழமை ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. தனியே இருக்கப் பாபடோயிட்டோயில் அறை பார்த்துவிட்டேன் என்று மாமா சொன்ன அன்று அம்மா சமைக்கவில்லை.

மாமா பையோடு நடையில் நின்றார். "நீங்க மறிக்கிறியள் அக்கா, சரி. அத்தான் ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

"நானும் சொல்லவேண்டாம், உன்ரை அத்தானும் சொல்லவேண்டாம். பிள்ளையார் சொல்லட்டும்," என்றா அம்மா.

கலியாணம், பயணம் என்று முடிவு தெரியாத காரியங்களுக்கு எங்கள் ஆட்கள் பூக்கட்டிப் பார்ப்பார்கள். பூவை மடிக்கிற வெற்றிலை அப்போது இங்கே கைக்கு அகப்படாது. அம்மா வேலியோரத்துக் கமேலியாப் பூச்செடிகளில் சிவப்பில் ஒரு இதழும் வெள்ளையில் ஒரு இதழும் பிடுங்கி, பாண் சுற்றும் வெள்ளித்தாளில் தனித்தனியே மடித்தா. சிவப்பு என்றால் மாமா நிற்பது, வெள்ளை என்றால் போவது. நெருப்பு மூட்டாமல் பலகை அடித்து மூடிய பழைய கணப்பின் மேல்தட்டில்தான் எங்கள் பிள்ளையார் இருந்தார். அவர் முன்னால் இரண்டையும் வைத்து, கற்பூரம் காட்டி, சின்னப் பிள்ளைதான் எடுக்கவேண்டும் என்று ஒன்பது வயதான என்னைக் கூப்பிட்டா. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.

மாமாவுக்கு அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. அம்மா தாளைப் பிரித்தா. வெள்ளை.

விளக்கேற்றாமல் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனுசி, பிள்ளையாரின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பாமல் நின்றா. எனக்குப் பக்கத்தில் நின்ற அப்பா குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சாதாரணக் குரலில், "சிவப்பு," என்றார். "சிவப்பெல்லே விழுந்திருக்கு. பையைக் கொண்டுபோய் உள்ளுக்கு வை, மச்சான்."

எதற்கும் நேரேதான் போகவேண்டும் என்று வாதாடிய மனிதர் அன்று ஒரு அடி விலத்தி வைத்தார். அம்மா கையைப் பொத்திக்கொண்டா. அப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாமா பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா, "அந்தக் கசெட்டைப் போடன், பாப்பம்," என்றது எனக்குக் கேட்டது.

பிறகு சாகும்வரை அம்மா சதுர்த்தி விரதத்தை விடவில்லை. ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது பாவமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அதன்பின் மாமா எங்களோடு ஆறு வருடம் இருந்தார்; பெரிய மாமாவின் கடிதம் வந்த நாளில் அப்பாவும் அவரும் சேர்ந்துதான் அதை வாசித்தார்கள்.

இன்று அந்த வீடு இல்லை. அந்தக் காணியில் ஆறு வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. டெக் இல்லை. அப்பாவும் இல்லை, அந்த வழக்கு கடைசிவரை தீரவும் இல்லை. மாமா இதே நகரத்தின் வடக்கே ஆல்பனியில் இருக்கிறார். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் தன் பிள்ளைகளிடமும் கோயிலில் கண்டவர்களிடமும், "என்னை இந்தக் குடும்பத்தோட நிப்பாட்டினது பிள்ளையார்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தான் ஒரு வார்த்தை சொல்லி மறிக்கவில்லை என்கிற குறை அவர் பேச்சில் இன்னமும் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இது உங்கள் வாய்வழியாக அவர் காதுக்குப் போகுமானால், கூட்டாமல் குறைக்காமல் போகட்டும். விழுந்தது வெள்ளை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைச் சிவப்பு என்று சொன்னது அப்பா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.