இரண்டு மூச்சு இடைவெளி

இத்தாலிப் பாஷையில் வினைச்சொல்லுக்குத் தலை ஒன்றுதான், வால் ஆறு. நான் என்றால் ஒரு வால், நீ என்றால் வேறு வால். வாய்க்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. தலையும் வாலும் ஒட்டின இடத்தை விட்டுவிட்டுத் தனக்கு வாகான இடத்தில் வெட்டும். தோர்–னோ, திரும்பி வருகிறேன். தோர்–னி, திரும்பி வருகிறாய். படிக்கிறவர்களுக்காக இப்படி வெட்டி வெட்டிச் சொல்லிப் பதிவு செய்வதுதான் குரல்காரியின் பிழைப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு இரண்டு மூச்சு நேரம் சும்மா இருக்க வேண்டும். கேட்கிறவர் திருப்பிச் சொல்ல அந்த இடம்.

அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சுப் போய் ஒரு வருஷம். காலையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்துதான் அன்றைய சொற்களைச் சொல்லிப் பழகுவாள். அங்கேயும் அந்த இடைவெளியை விடுவாள். அவர் மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பார்.

ஒரு முற்பகல் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா, நடுவுல யாரு பேசுறது?"

"உன் மாமியாரு. போட்டுக் காட்டு."

போட்டார். அவள் குரல்: தோர்–னோ. இடைவெளியில் கரகரத்த ஆண் குரல்: தோர்–னோ. வீட்டுக்காரர் குரல்! சாத்திய அறையில் அவர்கள் இரண்டே பேர்.

"அழிச்சிடுறேன்கா. அசுத்தமாக் குடுத்தா வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"போனாப் போகட்டும். அழிச்சே, கைய ஒடிச்சு அடுப்புல வெப்பேன். அந்த மனுஷன் பேசிட்டா எனக்குப் போதும்."

வீட்டுக்குப் போன் போட்டாள். நாத்தனார் எடுத்தாள்.

"பேசலை அண்ணி. இப்பத்தான் உதடு லேசா அசைஞ்சுது."

அவள் மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஆறு வாலையும் இருபது தரம் சொன்னாள்.

"அக்கா, போதும். அந்தக் குரல் மெலிஞ்சு மெலிஞ்சு உங்க குரலாட்டம் ஆகுது."

"கழுதைக்கு வாக்கப்பட்டா உதைக்கு அஞ்ச முடியுமா? ஓட்டு."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி! அண்ணன் எழுந்து உக்காந்துட்டான்! பேசுறான்! ஆனா..." நாத்தனார் விசும்பினாள். "நீங்களே கேளுங்க." போனை அண்ணன் வாயருகே பிடித்தாள் போல.

"தோர்–னோ."

குரல்காரியின் சொந்தக் குரல், மூச்சு வாங்குவது உட்பட. பிறகு மௌனம். இரண்டு மூச்சு நேரம், அவளுக்காக விட்டது.

"திருப்பிச் சொல்லாதீங்கக்கா!" ஒலிப்பதிவுக்காரர் அவள் கையைப் பிடித்தார். உதறினாள். ஒரு வருஷமாக ஊமையாய்க் கிடந்தவர் கூப்பிடுகிறார், பதில் சொல்லாமல் எப்படி இருப்பது?

சொன்னாள். அவள் தொண்டையிலிருந்து அந்தக் கரகரத்த ஆண் குரல் வந்தது.

மறுமுனையில் நாத்தனார் கேட்டாள்: "அண்ணா?"