ஈறுக்குள் ஒரு பல்

என் அக்கா பிடிவாதக்காரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள்; ஆனால் எண்ணிப் பார்க்காமல் சொல்ல மாட்டாள்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் எலும்பு சுத்தம் செய்கிறாள், இருபது வருஷமாக. செத்த பிராணிகளின் எலும்பை வேகவைத்து, தேய்த்து, காயவைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுத வேண்டும். அவளுக்கு முன்னால் அந்த வாடை வீட்டுக்கு வந்துவிடும். மூக்கைப் பொத்தினால், "உன் சென்ட்டுக்கு இது எவ்வளவோ தேவல" என்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன் கடற்கரையில் செத்த கடல் பிராணி ஒன்று ஒதுங்கியது. பல்லே இல்லை, கிழட்டு டால்பின் என்றார் வனத்துறை அதிகாரி. அக்காவும் தலையாட்டினாள். புதைத்துவிட்டார்கள். பிறகு ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு அவள் சாப்பிடவே இல்லை. அது அலகுத் திமிங்கலம்! ஆழத்து இருட்டில் ஒரு மணி நேரம் மூச்சடக்கி, கணவாய் மீனை உறிஞ்சித் தின்னும் பிராணி. யார் கண்ணிலும் லேசில் படாது. ஆணுக்குத்தான் கீழ்த்தாடை நுனியில் இரண்டு பல் வெளியே தெரியும். பெண்ணுக்கு ஈறுக்குள்ளேயே இருக்கும்.

போன மாதம் மறுபடி ஒன்று ஒதுங்கியது. ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிப்போனவள் நான். அதற்குள் மண்வெட்டும் இயந்திரம் குழி தோண்டிவிட்டது. அதே அதிகாரி, மூக்கில் கைக்குட்டையோடு.

"பல்லு இல்லம்மா, டால்பின்தான். நாத்தம் தாங்கல, மூடிருவோம்."

"கொஞ்சம் பொறுங்க சார்."

"பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கணும். தள்ளுங்க."

அக்கா குழிக்கும் உடலுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வேலை போய்விட்டால்?

"வாக்கா, நமக்கெதுக்கு வம்பு?"

"நீ சும்மா இருடி."

அக்கா வால் துடுப்பின் நடுவைத் தடவினாள். டால்பினுக்கு அங்கே பிளவு இருக்கும், இதற்கு இல்லை. அதிகாரி நம்பவில்லை. வாயைத் திறந்து, கீழ்த்தாடை நுனி ஈறை விரலால் அழுத்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. கத்தியால் கீறினாள். உள்ளே வெள்ளையாக, கூராக, ஒரு பல். பக்கத்திலேயே இன்னொன்று.

டிரைவர் என்ஜினை அணைத்தார். அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்தார்.

"எப்படிம்மா இவ்வளவு உறுதியா இருந்தீங்க?"

"போன தடவ நீங்க சொன்னதக் கேட்டுட்டேன் சார்." அக்கா எழுந்து மணலைத் தட்டினாள். "இத வண்டியில ஏத்துங்க. அப்புறம் மிஷின அந்தப் பாறைப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. அன்னிக்குப் பொதச்சது கெடக்கற இடத்த நான் அடையாளம் வெச்சிருக்கேன்."