ஐந்து ஒன்பது

சந்திரிகாவுக்கு எதிரில் இருப்பவரின் முகம் வாடினால் தாங்காது. நாத்தனார் எடுத்த புடவையோ பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய மாடியோ, எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு" என்பாள். தாம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பாடம் நடத்துகிறாள். பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கியவள். மாணவர்கள் தாங்களே ரேடியோ செய்து, உரிமம் எடுத்து, பேசியும் காட்ட வேண்டும் என்று இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைத்ததும் அவள்தான்.

மாணவி ஸ்நேகா செய்த ரேடியோப் பெட்டி டிபன் பாக்ஸ் அளவு. ஞாயிறு மதியம் கல்லூரி மொட்டை மாடியில் ஏரியல் கட்டிவிட்டு போன் செய்தாள்.

"மேம், இப்ப பேசுறேன். கேட்டுச் சொல்லுங்க."

கீழ்க்கட்டளை வீட்டில் சந்திரிகா ஹெட்போனை மாட்டினாள். வெறும் இரைச்சல். அடியில் ஏதோ முனகியது. குரல் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் கெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஹாம்காரர்கள் கேட்ட சிக்னலுக்கு மார்க் சொல்வார்கள். தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது, அதுதான் முழு மார்க். மரியாதைக்கு அதையே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அவளும் போனில் "ஐந்து ஒன்பது" என்றாள்.

"ஐயோ மேம்!" என்று போனில் கத்தினாள் ஸ்நேகா. பெட்டியை அன்றே மூடி ஸ்க்ரூ போட்டாள்.

புதன்கிழமை வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அச்சுதன் பெட்டியிலிருந்து சிக்னல் வெளியே போகிறதா என்று காட்டும் பவர் மீட்டரை மாட்டினார். ஸ்நேகா மைக்கில் பேசினாள். முள் அசையவில்லை.

"ஏம்மா, ரேடியோவா தியான மண்டபமா?"

பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே கம்பிச் சுருளின் முனையில், மின்சாரத்தைத் தடுக்கும் மேல்பூச்சைச் சுரண்டாமலே ஈயம் வைத்திருந்தது.

"இது ஒரு நாளும் பேசியிருக்காது. கீழ்க்கட்டளையில ஐந்து ஒன்பதுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கியே, யார் சொன்னது? நீயே போட்டுக்கிட்டியா? பொய் ரிசல்ட்டுக்கு நான் மார்க் போடறதில்ல."

ஸ்நேகா தலை குனிந்தாள். சந்திரிகாவின் பக்கம் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறாள். அது சந்திரிகாவுக்குப் புரிந்தது. அச்சுதன் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நான்தான் சார் சொன்னேன். எனக்கு எதுவும் கேக்கல."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கேக்காததுக்கு மார்க்கா? உண்மையைச் சொல்லியிருந்தா பொண்ணு அன்னிக்கே சரி பண்ணியிருக்குமே மேடம்." பிறகு ஸ்நேகாவிடம், "சுரண்டி வச்சுட்டு மதியம் பேசிக் காட்டு" என்றார்.

மதியம் முள் நகர்ந்தது. கடைசிக் கட்டடத்து லேப்பில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லும்படி சந்திரிகாவை அனுப்பினார்கள். இந்த முறை குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது. மைக்கில் "ஐந்து ஒன்பது" என்று சொன்னாள்.

ஹெட்போனில் ஸ்நேகா பேசினாள்.

"சரி மேம். அங்க வேற யாராச்சும் இருந்தா அவங்க காதுலயும் மாட்டுங்களேன், ப்ளீஸ்."

லேப் அசிஸ்டென்ட் டெனிஸை அழைத்து ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள். மைக்கின் பொத்தானைத் தானே அழுத்திப் பிடித்தாள்.

"இன்னா ஸ்நேகாம்மா, சும்மா கணீர்னு கீது!" என்றார் டெனிஸ்.

பொத்தானை விட்டாள். மறுமுனையில் ஸ்நேகா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். டெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சொன்னாள் என்று சந்திரிகா கேட்கவில்லை.