தட்டிப் பார்த்துக் கொடுத்த போத்தல்கள்

பியர் காய்ச்சுகிற சாமான் விற்கிறவனுக்குப் பியர் தெரிய வேண்டியதில்லை. போத்தல் தெரிந்தால் போதும். எனக்கு இரண்டும் தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று தெரியாத சாமானைத் தெரிந்ததுபோல விற்றவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெரிலேண்ட்ஸில் ஒரு ஹாட்வெயார் கடை. வீட்டில் பியர் காய்ச்சும் பைத்தியம் சிட்னியைப் பிடித்திருந்த நேரம். பார்லிப் பாகு அடைத்த மோல்ட் டின், ஈஸ்ட், மூடி, பழைய போத்தல் எல்லாம் என் பொறுப்பு.

முதல் நாள்

முதலாளி கென் அதிகம் பேசமாட்டான். "தடித்த பழுப்புப் போத்தலாய்க் கொடு, வாய் உடைந்ததைக் கொடுக்காதே" என்றான், போய்விட்டான். தடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் சந்தையில் பானை வாங்குகிறவன் என்ன செய்வான்? விரல் முட்டியால் தட்டுவான். நானும் தட்டினேன். 'ணங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் ஒதுக்கு. என் கணக்கு அவ்வளவுதான்.

பக்கத்தில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவன் ஒருவன் கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "கதவைத் தட்டுகிறாயே, உள்ளே யாரும் இருக்கிறார்களா?"

குணம் வந்தான்

குணம் எங்கள் ஊர்ப் பொடியன். எஞ்சினியர். கிரவீனில் வீடு, மனைவி மலர், இரண்டு வயதுப் பெண் பிள்ளை. முதல் தடவையாகப் பியர் காய்ச்சியிருந்தான். "அண்ணை, நீங்களே பாத்து எடுத்துத் தாங்கோ" என்றான். முப்பது போத்தல். ஒவ்வொன்றாகத் தட்டி, நன்றாகப் பாடியதை மட்டும் கொடுத்தேன். எனக்கே பெருமை.

மூடி அடித்தபின் இருட்டில் வைக்க வேண்டும் என்றேன். எங்கே வைப்பாய் என்று கேட்டேன்.

"பிள்ளையின்ர அறை அலுமாரிக்குள்ள அண்ணை. வேற இடமில்லை. பயப்பிடாதேங்கோ, அவள் இன்னும் குடிக்கத் தொடங்கேல்லை."

இரண்டு போத்தல்

பத்து நாள் கழிந்தது. காலையிலேயே அனல். நான் தட்டுவதைக் கென் அன்றுதான் கண்டான். இரண்டு போத்தலை எடுத்து வைத்தான். ஒன்றைத் தட்டினான்: டொக். மற்றதைத் தட்டினான்: ணங். பிறகு இரண்டையும் என் கைகளில் கொடுத்தான். பாடிய போத்தல் பாரமே இல்லை. ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற மெல்லிய கண்ணாடி. உள்ளே காஸ் ஏறி, வெயிலும் சேர்ந்தால் குண்டுதான்.

அலுமாரி. பக்கத்தில் கட்டில். கட்டிலில் பிள்ளை. குணம் வீட்டுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கென்னிடம் உள்ளதைச் சொன்னேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அவன் கடை வான் வண்டியின் திறப்பை என் முன்னால் போட்டான். "இன்னும் ஏன் இங்கே நிற்கிறாய்?"

கிரவீன்

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் அந்த முப்பது 'ணங்'கும் காதில் கேட்டது. மலர் கதவைத் திறந்தாள்.

"பிள்ளை எங்கே?"

"நித்திரை. ஏன் அண்ணை, வேர்த்துக் கொட்டுது? முகம் கழுவிக்கொண்டிருந்தனான், போன் அடிச்சது நீங்களோ?"

செருப்போடு உள்ளே ஓடினேன். பிள்ளை குப்புறப் படுத்திருந்தது. அலுமாரியைத் திறந்தேன். சின்னச் சட்டைகள், ஒரு கரடிப் பொம்மை. போத்தல் ஒன்றும் இல்லை.

அப்போது பின்வளவில் படார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னும் இரண்டு. யன்னலால் பார்த்தேன். வேலியோரத் தகரக் கொட்டிலின் கதவுக்குக் கீழால் நுரை வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை புரண்டு படுத்தது, எழும்பவில்லை. அந்தச் சின்னக் கட்டிலின் விளிம்பிலேயே இருந்துவிட்டேன்.

மலர் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "அண்ணை தட்டிப் பாத்துத் தந்தவர் எண்டு இவர் பெருமையாச் சொன்னார். அண்டைக்கே நான் எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிலுக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டன். போத்தல் என்ன பானையோ அண்ணை?"

அதற்குப் பிறகு நான் தேங்காய் வாங்கப் போனாலும் தட்டுவதில்லை, தூக்கித்தான் பார்க்கிறேன்.