மாமா ஒட்டிய பக்கங்கள்

எங்கள் மாமாவுக்குக் கதைப் புத்தகத்தில் யாரும் சாகக்கூடாது. வெளியில் நடப்பதை அவரால் தடுக்க முடியவில்லை. புத்தகத்துக்குள்ளாவது தன் அதிகாரம் செல்லட்டும் என்று முடிவெடுத்துவிட்டார் போலிருக்கிறது.

அவர் அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்தவர். பகலில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர், பின்னேரத்தில் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த சனசமூக நிலைய வாசிகசாலைக்குப் பொறுப்பாளர். அங்கே பெரியவர்களுக்கு ஒரு கிழமை பிந்திய பத்திரிகைகள் இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு அலுமாரி நிறையச் சிறுவர் நாவல்கள் இருந்தன, நாட்டைவிட்டுப் போன ஒரு வாத்தியார் குடும்பம் கொடுத்துவிட்டுப் போனவை. திருகோணமலையில் சண்டை நடந்த அந்த வருடங்களில் பிள்ளைகளுக்கு வேறு என்ன கிடந்தது? கடற்கரைக்குப் போகக்கூடாது. பொழுதுபட்டால் ஒழுங்கையைத் தாண்டக்கூடாது. சீனன்குடா விமானத்தளப் பக்கம் ஹெலி எழும்பினால் முற்றத்தில் நிற்கக்கூடாது. வாசிக்கலாம். அதற்கு மட்டும் ஒருவரும் பாஸ் கேட்கவில்லை.

அந்த நாவல்களில் எப்படியும் இரண்டு சிநேகிதர் இருப்பார்கள். ஒரு ஆபத்து வரும், துணிந்து நிற்பார்கள், கடைசிக்குக் கிட்ட ஒரு நாயோ ஒரு ஆளோ செத்துப்போகும். மாமா ஒவ்வொன்றையும் முதலில் தான் வாசிப்பார். சாவு வரும் இடத்தைக் கண்டுவிட்டால் கோதுமை மாவில் பசை காய்ச்சி, அந்தப் பக்கங்களின் ஓரங்களில் பூசி, ஒன்றாக ஒட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுவார். அம்மாவுக்கு அந்த மாவை நினைத்து வயிறு எரியும்.

“ரொட்டிக்கு மாவில்லை, உன்ரை புத்தகத்துக்கு மாவோ?” என்று கேட்பார்.

“இதுகள் வெளியிலை பாக்கிறது போதாதே அக்கா?” என்பார் மாமா. அத்தோடு அம்மா அடங்கிவிடுவார்.

பாவம், மனுசனுக்கு ஒன்று தெரியாது. ஒட்டின் தடிப்பைத் தடவிப் பார்த்தே நாங்கள் சாவை மதிப்பிட்டுவிடுவோம். நாலு பக்கம் ஒட்டியிருந்தால் நாய். பத்துக்கு மேல் என்றால் ஆள். ஒட்டுக்குள் போன ஆள் மறுபக்கத்தில் வரமாட்டார் என்பது ஒழுங்கையில் மூக்கு வடிய நின்ற சின்னதுகளுக்கும் தெரியும்.

வதனி எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவள், என்னைவிட நன்றாக வாசிப்பவள். இந்த இரண்டாவது விஷயத்தை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருடம் எடுத்திருக்கிறது. அவளுடைய அப்பாவுக்குத் திரியாயில் வயல் இருந்தது. வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. பாதை மூடிக் கிடந்தது. வழியில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்துவிட்டார், அங்கே இருந்தவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள் என்ற செய்தி மூன்று கிழமை கழித்து ஒருவர் வாய்வழியாக வந்து சேர்ந்தது.

செய்தி வந்த நேரம் வதனி மலேரியாக் காய்ச்சலில் கிடந்தாள். பிள்ளைக்கு இப்போது சொல்லவேண்டாம் என்று பெரியவர்கள் கூடிக் கதைத்து முடிவெடுத்தார்கள். அப்பா வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டார், அகதி முகாமிலிருந்து கடிதம் போடுவார் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. காய்ச்சல் மாறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றார்கள். காய்ச்சல் மாறியது. சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்படியே ஒரு வருடம் போய்விட்டது. அவளும் பள்ளிக்கூடத்தால் வந்து படலையைத் திறக்கும்போதே, “அம்மா, அப்பான்ரை கடிதம் வந்ததோ?” என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு உண்மை தெரியும். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது பாதி, அம்மாவை அரித்தெடுத்து வாங்கியது மீதி. வதனியிடம் மூச்சும் விடக்கூடாது என்று அம்மா பிள்ளையார்மேல் சத்தியம் வாங்கியிருந்தார். நானோ வாயாடி. ஒரு வருடம் அந்தக் கதையைச் சூடான கிழங்கை வாய்க்குள் வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

இந்த நிலையில்தான் அந்தத் தோணிக்காரர் கதை எங்கள் கையில் வந்தது. அட்டை போய், மாமா பழுப்புக் கடதாசி போட்டிருந்த நாவல். ஒரு ஆற்றங்கரை ஊரில் இரண்டு சிநேகிதிகள். ஒருத்தியின் தகப்பன் தோணிக்காரர். வெள்ளம் வருகிறது, அக்கரையில் அகப்பட்ட சனங்களை ஏற்றிவரத் தோணிக்காரர் போகிறார். பிறகு ஒட்டு. தடவிப் பார்த்தேன், பன்னிரண்டு பக்கம். ஒட்டு முடிந்ததும் வரும் அத்தியாயத்தில் மகள் தனியாகத் தோணி வலிக்கிறாள்.

“தகப்பனுக்கு ரவுணிலை வேலை கிடைச்சிருக்கும்” என்று அவிழ்த்துவிட்டேன்.

“அப்ப ஏன் அந்த வீட்டிலை ஒருத்தரும் அவரைப் பற்றிக் கதைக்கினமில்லை?” என்றாள் வதனி.

வேறு புத்தகம் எடுப்போம் என்றேன். மாமா தோலை உரிப்பார் என்றேன். எழுத்து அழிந்துவிடும் என்றேன். அவள் எதற்கும் மசியவில்லை. ஒட்டைத் திறக்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில், “நீ பயந்தாங்கொள்ளி, தா, நான் திறக்கிறன்” என்றாள். ஆபத்தில் துணிந்து நிற்கும் சிறுமிகளைப் பற்றி அலுமாரி நிறைய வாசித்த என்னிடம் அப்படிச் சொல்லலாமா? ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா சங்கக்கடை வரிசைக்குப் போயிருந்தார். மாமா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் குசினியில் கேத்திலை அடுப்பில் வைத்து, ஆவிக்கு நேரே புத்தகத்தைப் பிடித்தோம். பசை இளகியதும் வதனி நகத்தால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தாள். என் இரண்டு விரல் வெந்துபோனது. இனி அவள் விழுந்து புரண்டு அழப்போகிறாள், அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன் என்ற பயத்தில் எனக்கு அந்த எரிவும் தெரியவில்லை.

அவள் அடுப்படியில் குந்தியிருந்து சத்தமாக வாசித்தாள், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி. தோணிக்காரரை இரண்டாம் நாள் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் எடுக்கிறார்கள். மகள் கரைக்கு ஓடுகிறாள், சிநேகிதி அவள் கையை விடவில்லை. குளிப்பாட்டுகிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள், தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஊர்ப் பெண்கள் தாயைச் சுற்றி நின்று அவள் நெற்றிப் பொட்டை அழிக்கிறார்கள். அந்த வரியை மட்டும் அவள் இரண்டு தரம் வாசித்தாள். முழுவதும் வாசித்து முடித்தபோது அழுதுகொண்டிருந்தது நான்தான்.

“ஏன் அழுகிறாய்?” என்றாள்.

“தோணிக்காரர் பாவம்.”

“பொய் சொல்லாதை. எங்கடை அப்பாவை நினைச்சுத்தானே அழுகிறாய்?”

கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. “உனக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. காய்ச்சல்லை கிடக்கேக்கை கேட்டனான். கண்ணை மூடியிருந்தால் நித்திரை எண்டு நினைச்சுக் கதைப்பினம்.”

அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். எனக்கு வந்தது இரக்கமில்லை, கோபம். பிள்ளையாருக்குப் பயந்து ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு வெந்தவள் நான். இவள் எல்லாவற்றையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டு என்னோடு கெந்தி விளையாடியிருக்கிறாள்.

“அப்ப என்னத்துக்கு இந்த ஒட்டைத் திறக்கச் சொன்னனி?”

“அப்பாவுக்கு இங்கை ஒண்டும் செய்யேல்லைத்தானே. எப்பிடிச் செய்வினம் எண்டு பாக்க ஆசையாயிருந்தது” என்றாள். அப்போதுதான் அவள் உதடு கொஞ்சம் கோணியது. அதையும் கடித்துக்கொண்டாள்.

“பிறகேன் ஒவ்வொரு நாளும் கடிதம் வந்ததோ எண்டு கேக்கிறாய்?”

“கேக்காமல் விட்டால் எனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்கு விளங்கிப்போடும். விளங்கினால் அவ பொட்டை அழிக்கவேணும். எனக்குத் தெரியக்கூடாது எண்டுதான் வைச்சுக்கொண்டிருக்கிறா. நீ சொல்லிப்போடாதை.”

ஒரு பொட்டுக்காக இவ்வளவு பாடா என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்து விரலால் தொட்டு வைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. அதை அழித்தபிறகு ஒரு பெண் என்னவெல்லாம் அழிக்கவேண்டும், எந்த வீட்டு விசேஷத்தில் எந்த மூலையில் நிற்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது எட்டவில்லை. “உனக்கு விசர்” என்று சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. பானையைத் திறந்து ஒரு பிடி சோறு எடுத்து மசித்து, பக்கங்களைப் பழையபடி ஒட்டத் தொடங்கினாள். அவள் கொண்டுபோகும் புத்தகங்களை அவளுடைய அம்மாவும் புரட்டிப் பார்ப்பாராம். திறந்திருந்தால் கண்டுவிடுவாராம். அந்த ஒட்டில் ஒரு முழுப் பருக்கை கிடந்ததை மாமா பிறகு கண்டுபிடித்து என் காதைத் திருகியது வேறு கதை.

ஒட்டி முடிந்ததும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடவே போனேன். அவள் எப்படித்தான் நடிக்கிறாள் என்று பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன். அவளுடைய அம்மா முற்றத்தில் குந்தியிருந்து இடியப்பத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரைக்கும் மா. வெயிலில் முகம் வேர்த்துக் கொட்டியிருந்தது.

“அம்மா, அப்பான்ரை கடிதம் வந்ததோ?” என்றாள் வதனி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

அவர் அரிதட்டை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அழுது வீங்கிய என் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். “இண்டைக்கும் இல்லைக் குஞ்சு. கடல் சரியில்லையாம். சுணங்கித்தான் வரும்” என்றார்.

“சரி” என்றாள் வதனி. “அம்மா, வேர்வையிலை உங்கடை பொட்டு அழிஞ்சு கிடக்கு.”

அவர் மாக் கையைத் தூக்கினார். நெற்றிக்குக் கொண்டுபோகாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டார். வதனி உள்ளே ஓடிப்போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். தன் பாவாடை நுனியால் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். மோதிரவிரலால் குங்குமத்தைத் தொட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, வட்டம் பிசகாமல் வைக்கத் தொடங்கினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் மகளுக்குப் பொய் சொல்கிறார், மகள் தாய்க்குப் பொய் சொல்கிறாள், இந்த ஒழுங்கையில் நேர்மையாக நிற்பது நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். நாலு நாள் அவளோடு நான் பேசவில்லை.

அன்றைக்கு ஒழுங்கையில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். வதனி வைத்து முடித்துக் கையை எடுத்துவிட்டாள். அவளுடைய அம்மா மட்டும் இரண்டு மாக் கைகளையும் விரித்துப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடி, நெற்றியை மகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வைத்து முடிந்த பொட்டுக்கு இன்னும் ஏன் நெற்றியை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே நான் வீட்டுக்கு வந்தேன்.